அளந்து கொடுத்த அம்மையார்



ஆண்டுதோறும் நம் சங்க விழாவில் ஒரு காட்சியைக் காண்கிறோம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் மேடைக்கு வருவார்கள். ஒரு சான்றிதழ், ஒரு புத்தகம், பணம் வைத்த ஓர் உறை. பெற்றோரின் கண்கள் பனிக்கும். அரங்கம் கைதட்டும். மறுநாள் முதல் அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு மேடையேறிய ஒரு பெண்ணின் தாயாரைச் சாலைக் கடைவீதியில் சந்தித்தேன். மகள் பட்டப் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "வீட்டிலதான் இருக்கா அண்ணாச்சி. படிக்க வச்சோம். பொறவு எங்க போகணும், யாரப் பாக்கணும்னு சொல்லித்தர எங்களுக்கு ஆளில்லை" என்றார். குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. அதனால்தான் அது மனத்தை அதிகம் உறுத்தியது. நாம் கொடுத்த உறையில் பணம் இருந்தது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டதோ வழித்துணை.

பிள்ளைகளின் கல்விக்கு உதவுவது என்றால் உண்மையில் என்ன? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலும் தாம் தொடங்கிய அறக்கட்டளையாலும் தெளிவான விடை தந்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் படிப்போம். அவர் தமிழரும் அல்லர், மலையாளியும் அல்லர். புனே நகரில் வாழ்ந்து உயர்ந்த சிந்திக் குடும்பத்துப் பெண்மணி. பெயர் திருமதி லீலா பூனாவாலா.

அகதியாய் வந்த குழந்தை

லீலா அம்மையார் 1944ஆம் ஆண்டு சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் பிறந்தவர். நமக்குத் தெரிந்த தெலங்கானாவின் ஐதராபாத் அன்று. இன்று பாகிஸ்தானில் உள்ள ஐதராபாத். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது சிந்து மாகாணம் முழுவதும் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கிருந்த இந்துக் குடும்பங்கள் வீடு, நிலம், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயிலிலும் கப்பலிலும் இந்தியாவுக்கு வந்தன. பஞ்சாபியருக்கும் வங்காளியருக்கும் இந்தியப் பக்கத்தில் ஒரு பாதி மாநிலமாவது மிஞ்சியது. சிந்திகளுக்கு அதுவும் இல்லை. மும்பை, புனே, உல்லாஸ்நகர் எனச் சிதறி வாழ்ந்தார்கள்.

லீலா அம்மையாரின் குடும்பமும் அவ்வாறே புனேக்கு வந்து சேர்ந்தது. தந்தையார் அவருடைய சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு தாயார் மீது விழுந்தது. நிலமும் இல்லை, சொந்த ஊரும் இல்லை. அந்த நிலையில் ஒரு குடும்பத்திடம் மிஞ்சக்கூடியது கல்வி ஒன்றுதான். விட்டுவிட்டு வர முடியாத சொத்தும் அதுவே.

சொந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இது புரியாத செய்தி அன்று. நம்மில் பலர் விரும்பி வந்தவர்கள். வேறு பலர் 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் எல்லைக்கோடு மாறியதால் இருந்த இடத்திலேயே வேற்று மாநிலத்தவர் ஆனவர்கள். சிந்திகள் பட்ட துயரத்தோடு நம் நிலையை ஒப்பிடுவது பொருந்தாது. ஆயினும், "பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கை இரு சாராருக்கும் பொது.

கிண்டியும் புனேயும்

பெண்கள் பொறியியல் படிப்பது இன்று வியப்பன்று. அன்று அப்படியில்லை. இங்கே ஒரு சிறு வரலாற்றை நினைவுபடுத்திக்கொள்வது நலம். ஏனெனில் அதில் கேரளத்துக்கும் சென்னைக்கும் பங்குண்டு.

சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940ஆம் ஆண்டு அ. லலிதா என்ற பெண் சேர்க்கப்பட்டார். பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கைம்பெண்ணாகி, கைக்குழந்தையோடு நின்றவர் அவர். தந்தை பப்பு சுப்பாராவ் அக்கல்லூரிப் பேராசிரியர். அப்போது முதல்வராக இருந்த கே. சி. சாக்கோவிடம் தந்தை அனுமதி கேட்டுப் பெற்றார். லலிதா தனியாக இருக்க வேண்டாமே என்று மேலும் பெண்கள் சேர்வதற்கு வழி செய்யப்பட்டது. அவ்வாறு வந்த இருவரும் கேரளத்துப் பெண்கள்: பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ். லலிதா 1943இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலுக்குரிய சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாற்சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

லீலாம்மா திருவிதாங்கூர் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். திரேசியா கொச்சி அரசின் பொதுப்பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல்வர் சாக்கோ லலிதாவுக்கு இடம் கொடுத்ததோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல செயல். தோழியர் கிடைக்கவும் வழி செய்ததால்தான் அந்த இடம் நிலைத்தது. கதவைத் திறப்பது ஒரு வேலை. உள்ளே வந்தவர் தங்கியிருக்கும்படி செய்வது இன்னொரு வேலை. லீலா பூனாவாலாவின் அறக்கட்டளையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புனே பொறியியல் கல்லூரி 1854ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. லீலா அம்மையார் அங்கே எந்திரப் பொறியியல் படித்து 1967இல் பட்டம் பெற்றார். அப்பிரிவில் அங்குத் தேறிய முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுவர். மின்பொறியியலோ கட்டடப் பொறியியலோ அன்று, எந்திரப் பொறியியல். கடைசல் எந்திரமும் வார்ப்படச் சாலையும், கையில் எண்ணெய்க் கறையும். அந்தத் துறைக்குப் பெண்கள் வருவது மற்றத் துறைகளைவிடத் தாமதமாகவே நடந்தது.

பயிற்சியாளராய்ப் புகுந்து தலைவராய் உயர்ந்தவர்

படிப்பு முடிந்ததும் புனேயில் இருந்த ரஸ்டன் ஹார்ன்ஸ்பி என்ற எந்திரத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பின்னாளில் கணவரான ஃபிரோஸ் பூனாவாலாவும் பொறியாளரே. அடுத்து லீலா அம்மையார் வல்கன் லாவல் நிறுவனத்துக்கு மாறினார். அதுவே பிற்காலத்தில் ஆல்ஃபா லாவல் இந்தியா என்று பெயர் பெற்றது.

இந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளலாம். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாஃப் டி லாவல் 1870களின் இறுதியில் பாலிலிருந்து ஆடைச்சத்தைப் பிரிக்கும் சுழல் எந்திரத்தை உருவாக்கினார். பாலை ஒரு கலத்தில் ஊற்றி மிக வேகமாகச் சுழற்றினால், கனமான பகுதி வெளிப்புறம் தள்ளப்படும். கனம் குறைந்த கொழுப்பு நடுவில் திரளும். தயிர் கடையும் மத்தில் நம் பாட்டிமார் கையால் செய்ததன் உறவுக்காரச் செயல்தான் இது. அந்த எந்திரத்தைச் செய்து விற்க 1883இல் தொடங்கிய நிறுவனமே ஆல்ஃபா லாவலின் மூலம். காலையில் நம் வாசலுக்கு வரும் மில்மா உறைகளில் கொழுப்பு அளவு வேறு வேறாக அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவு பிசகாமல் இருப்பதற்கு இவ்வகைப் பிரிப்பு எந்திரங்களே காரணம். பால் பண்ணைகள் மட்டுமன்றி, எண்ணெய் ஆலைகள், கப்பல்கள், மருந்துத் தொழிற்சாலைகள் எனப் பல இடங்களுக்கும் இந்நிறுவனம் எந்திரங்கள் செய்கிறது.

இப்படிப்பட்ட கனரகப் பொறியியல் நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளராய்ப் புகுந்த லீலா அம்மையார், பல பொறுப்புகளை வகித்து, 1987ஆம் ஆண்டு அதன் இந்தியத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். குடும்பச் சொத்தாக வந்த நாற்காலி அன்று அது. தந்தை நிறுவனமும் இல்லை, கணவர் நிறுவனமும் இல்லை. இந்தியாவில் பெரும் தொழில் நிறுவனங்களின் தலைமையில் பெண்களே அரிதாக இருந்த காலம். அந்தச் சிலரிலும் பலர் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். சம்பளத்துக்குச் சேர்ந்து, வேலையைக் கற்று, அதே இடத்தில் தலைவரானது இவருடைய தனிச்சிறப்பு. 1989இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2001 வரை தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றார்.

இருபது பெண்களோடு ஓர் அறக்கட்டளை

ஓய்வு பெற்ற பிறகு அறப்பணியில் இறங்குவோர் பலர். லீலா அம்மையார் பதவியில் இருந்தபோதே, 1995ஆம் ஆண்டு, தம் கணவருடன் சேர்ந்து லீலா பூனாவாலா அறக்கட்டளையைத் தொடங்கினார். ஏழ்மையால் படிப்பு தடைப்படக்கூடிய, திறமையுள்ள பெண்களுக்குக் கல்வி உதவி அளிப்பது அதன் நோக்கம். முதல் ஆண்டில் உதவி பெற்றவர்கள் 20 பேர். எல்லாரும் முதுகலைப் படிப்பு மாணவியர்.

எண்ணிக்கையைப் பாருங்கள்: இருபதே பேர். பெரிய நிறுவனத்தின் தலைவர், பத்மஸ்ரீ பெற்றவர்; நினைத்திருந்தால் முதலாண்டிலேயே ஆயிரம் பேருக்குப் புத்தகப்பையும் குறிப்பேடும் கொடுத்துச் செய்தித்தாளில் படம் வரச் செய்திருக்கலாம். அவர் அந்த வழியில் போகவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த இருபது பேரையும் அறிந்து, பின்தொடர்ந்து, என்ன உதவி போதவில்லை என்று கற்றுக்கொண்டுதான் அறக்கட்டளை வளர்ந்தது.

வளர்ந்த வரிசையும் கவனிக்கத்தக்கது. முதலில் முதுகலை. அடுத்து இளநிலைப் பட்டம்: பொறியியல், செவிலியர் படிப்பு, மருந்தியல், அறிவியல் முதலியன. பின்னர்ப் பத்தாம் வகுப்புக்குப் பின் பட்டயப் படிப்பு. அதன்பின் பள்ளிச் சிறுமியர். ஏழாம் வகுப்பு அளவிலேயே தேர்ந்தெடுத்துப் பட்டம் வரை கூட வரும் திட்டம். மேற்படியில் தொடங்கிக் கீழ்ப்படிக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். முதுகலை வரை வந்து சேர்ந்த பெண் ஏற்கெனவே பல தடைகளைத் தாண்டியவள். தாண்ட முடியாமல் நின்றவர்கள் கீழ்ப்படிகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போனால்தான் கிடைப்பார்கள்.

புனேயில் தொடங்கிய பணி வார்தா, அமராவதி, நாகபுரி ஆகிய மாவட்டங்களுக்கும், தெலங்கானாவின் ஐதராபாத்துக்கும் பரவியிருக்கிறது. பிறந்த ஊரின் பெயரையே கொண்ட இன்னொரு நகருக்கு அவருடைய பணி போய்ச் சேர்ந்தது ஒரு நல்ல தற்செயல். இதுவரை உதவி பெற்ற பெண்களின் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

உதவும் முறை

இந்த அறக்கட்டளையின் முறையிலிருந்து நாம் கற்கக்கூடியவற்றை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதற்படி, அறிந்து தேர்தல். விண்ணப்பமும் மதிப்பெண்ணும் மட்டும் போதா. நேர்காணல் உண்டு. வீட்டுக்குச் சென்று பார்ப்பதும் உண்டு. வருமானச் சான்றிதழ் சொல்லாத பலவற்றை ஒரு வீட்டின் முற்றம் சொல்லிவிடும்: படிக்க இடம் இருக்கிறதா, நோயாளி இருக்கிறாரா, அந்தப் பெண் படிப்பதை வீட்டார் விரும்புகிறார்களா. வீட்டுக்குச் செல்வதன் இன்னொரு பயன், தகப்பனாரும் பாட்டியாரும் அறக்கட்டளையை நேரில் அறிந்துகொள்வது. பிறகு நடுவழியில் படிப்பை நிறுத்த அவர்களுக்குத் தயக்கம் வரும்.

இரண்டாம் படி, இடைவிடாத உதவி. ஓராண்டு கொடுத்துவிட்டு மறுஆண்டு வேறொருவருக்குக் கொடுத்தால், முதற்பெண் பாதி ஆற்றில் விடப்பட்டவள் ஆவாள். அவள் ஒழுங்காகப் படித்து வரும்வரை, படிப்பு முடியும் மட்டும் உதவி தொடர வேண்டும்.

மூன்றாம் படி, பணத்துக்கு அப்பாற்பட்டது. ஆங்கிலத்தில் பேசும் பயிற்சி, கணிப்பொறிப் பயிற்சி, நேர்முகத் தேர்வுக்கான ஆயத்தம், தொழிற்சாலைகளை நேரில் சென்று காணுதல், அனுபவமுள்ளவர்களின் அறிவுரை. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண்ணுக்குப் பாடம் கடினமாக இருப்பதில்லை. பெரிய அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதுதான் கடினமாக இருக்கிறது. ஆண்கள் நிறைந்த தொழிற்கூடத்தில் பயிற்சியாளராக நுழைந்த ஒருவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான்காம் படி, திரும்பக் கொடுத்தல். உதவி பெற்றவர்களை 'லீலா பெண்கள்' என்று அழைக்கிறார்கள். படித்து வேலைக்குப் போன பழைய மாணவியர் புதியவர்களுக்குத் தொண்டர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வருகிறார்கள். கடன் பத்திரம் எழுதி வாங்குவதில்லை. பெற்றதை இன்னொரு பெண்ணுக்குக் கொடுப்பதே முறை என்ற எண்ணம் அவர்களிடம் வளர்க்கப்படுகிறது.

இந்த நான்கும் ஒரு தொழிற்சாலையின் நடைமுறையை நினைவூட்டவில்லையா? நல்ல மூலப்பொருளைத் தேர்வது, வேலையை நடுவில் நிறுத்தாதிருப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் தரம் பார்ப்பது, விற்ற பிறகும் பொருளைக் கவனிப்பது. அம்மையார் தம் தொழில் வாழ்க்கையை ஒரு பக்கமும் அறப்பணியை இன்னொரு பக்கமும் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றில் கற்ற ஒழுங்கை மற்றொன்றில் பயன்படுத்தினார்.

கேரளத்தில் இது ஏன் தேவை?

"கேரளத்தில் எல்லாரும் படித்தவர்கள். இங்கே இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளப் பெண்களில் 92 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றவர்கள். பெருமைக்குரிய செய்தி. ஆனால் இதே மாநிலத்தில் படித்த இளம்பெண்களிடையே வேலையின்மை நாட்டின் சராசரியைவிடப் பல ஆண்டுகளாகவே மிகுதியாக இருந்து வருகிறது. அதாவது, கேரளத்தின் குறை பள்ளிக்கூட வாசலில் இல்லை. பட்டத்துக்கும் வேலைக்கும் இடையில் உள்ள பாதையில் இருக்கிறது.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பாதையில் ஒரு மேடு கூடுதல். தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை மேல்வகுப்புக்குப் போகும்போது பாடமொழி ஆங்கிலமாகிறது. கூடப் படிப்போர் பேச்சு மலையாளமாகிறது. தந்தை கடைவீதியில் உழைப்பவராக இருப்பார். தாயார் பள்ளிக்கு அப்பால் படித்திருக்கமாட்டார். எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. வாய்ப்புகளோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1963 முதல் தும்பாவில் ராக்கெட் பறக்கிறது. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் இருக்கிறது. ஆனால் கரமனையிலிருந்து கழக்கூட்டத்துக்குப் பேருந்து இருப்பது மட்டும் போதாது. அங்கே இறங்கி யாரைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும்.

சென்னையிலும் இதே வழியில் சிந்தித்த ஒரு தமிழ்ப் பெண்மணி உண்டு. திருமதி சௌந்தர்யா ராஜேஷ் 2000ஆம் ஆண்டு 'அவ்தார்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணம், பேறுகாலம் முதலிய காரணங்களால் வேலையை விட்ட பெண்கள் மீண்டும் வேலைக்கு வர வழி செய்வது அதன் முக்கியப் பணி. நடுவயதில் வேலை தேடி வரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, இதற்குரிய எண்ணத்தைப் பள்ளிப் பருவத்திலேயே விதைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவ்வாறு பிறந்தது 'புத்ரி' என்ற திட்டம். அரசுப் பள்ளி மாணவியர்க்கு, படித்து முடித்து வேலைக்குப் போய் அதில் நிலைத்து நிற்க வேண்டும் என்ற உறுதியையும் அதற்கான திறன்களையும் தருவது அதன் வேலை. புனே அம்மையார் முதுகலையிலிருந்து பள்ளிக்கு இறங்கி வந்தார். சென்னை அம்மையார் நடுவயதிலிருந்து பள்ளிக்கு இறங்கி வந்தார். இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

நம் சங்கம் என்ன செய்யலாம்?

நம்மிடம் பெரிய நிறுவனங்களின் பணம் இல்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கம் ஆண்டுக்கு 40,000 ரூபாயைக் கல்விப் பரிசுக்குச் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 பிள்ளைகளுக்குத் தலைக்கு 1,000 ரூபாய். அந்தப் பணம் எந்தப் பிள்ளையின் படிப்பையும் காப்பாற்றாது. கொடுக்காவிட்டால் எந்தப் படிப்பும் நின்றுபோகாது. அதே தொகையை உண்மையாகவே தேவைப்படும் நான்கு பெண்களுக்குத் தலைக்கு 10,000 ரூபாயாக, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்தால்? பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம் ஆகியவற்றின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நான்கு பட்டங்கள் உறுதியாகும்.

இதில் இழப்பும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். 36 பிள்ளைகளுக்கு உறை கிடைக்காது. 36 குடும்பங்கள் விழாவுக்கு வரத் தயங்கலாம். "எங்கள் பிள்ளை அதிக மதிப்பெண் வாங்கியும் பணம் அவர்களுக்கா?" என்ற முணுமுணுப்பு எழும். எல்லாப் பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்துச் சான்றிதழும் புத்தகமும் கொடுத்துப் பாராட்டுவோம். பாராட்டு வேறு, உதவி வேறு. பாராட்டு மதிப்பெண்ணுக்கு, உதவி தேவைக்கு. இவ்விரண்டையும் ஒரே உறைக்குள் போட்டதுதான் நாம் இத்தனை ஆண்டுகள் செய்த பிழை.

ஆண்பிள்ளைகளை விட்டுவிடலாமா என்றும் கேட்பீர்கள். வேண்டாம். இந்த முறை இருபாலார்க்கும் பொருந்தும். ஆனால் வீட்டில் பணம் போதாதபோது முதலில் நிறுத்தப்படுவது யாருடைய படிப்பு என்று உங்கள் மனத்தையே கேட்டுப் பாருங்கள்.

பணத்தைவிட நம்மிடம் அதிகம் இருப்பது ஆட்கள். விண்வெளி மையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர்கள், வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், கணக்காளர்கள், வணிகர்கள் எல்லாரும் நம் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஒருவர் என்று பொறுப்பேற்று, மாதம் ஒரு முறை பேசினால் போதும். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உதவுவது, நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்ப்பது, தம் அலுவலகம் எப்படி இருக்கும் என்று அழைத்துப் போய்க் காட்டுவது ஆகியவற்றுக்குச் செலவில்லை. அந்தத் தாயார் கேட்டது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. வீட்டுக்குச் சென்று பார்ப்பவர்கள் விருந்தினராகச் செல்ல வேண்டும். சோதனை அதிகாரியாகச் செல்லக் கூடாது. வறுமையைப் படம் எடுக்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று மேடையில் வாசிக்கக் கூடாது. தொகையும் பெயரும் கணக்குப் புத்தகத்திலும் குழுவினரிடத்திலும் இருந்தால் போதும். கை நீட்டியவளாக ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, பிறகு தலைநிமிர்ந்து நேர்முகத் தேர்வுக்குப் போ என்று சொன்னால் அவள் எப்படிப் போவாள்?

வீட்டில் கூடிப் பேச

இப்பாடத்தைப் படித்த பின், பிள்ளைகளோடு அமர்ந்து கீழ்க்காணும் வினாக்களைப் பேசிப் பார்க்கலாம்.

1. லலிதாவுக்குக் கிண்டியில் இடம் கிடைத்ததற்கும், தோழியர் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு என்ன? உங்கள் பள்ளியில் தனியாக இருக்கும் பிள்ளை யாராவது உண்டா?

2. லீலா பூனாவாலா முதலாண்டில் ஆயிரம் பேருக்குக் கொடுக்காமல் இருபது பேருக்குக் கொடுத்தது சரியா? மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணம் சொல்லுங்கள்.

3. நம் வீட்டுப் பெண் படிப்பை முடித்தபின் என்ன செய்ய விரும்புகிறாள் என்று அவளிடமே எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

4. உங்கள் தொழிலைப் பற்றி ஒரு கல்லூரி மாணவிக்கு ஒரு மணி நேரம் சொல்லித்தர வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

நான்காம் வினாவுக்கு விடை வைத்திருப்பவர்கள் அதை ஒரு தாளில் எழுதி, தம் பெயரோடு சங்க அலுவலகத்தில் கொடுத்தால் நலம். அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு முன் அத்தகைய பெயர்கள் பத்து சேர்ந்தாலும் போதும்; பணியைத் தொடங்கிவிடலாம். சாலைக் கடைவீதியில் நான் கண்ட அந்தத் தாயாரின் வீட்டுக்கு முதலில் போவதாக இருக்கிறேன். அவர் மகளுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.